கொண்டலாறு பாட்டிலுக்குள் இருந்த ஒன்பது நாள்

கொண்டலாறு பாட்டிலுக்குள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. அந்த நேரத்தில் படித்துறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு நின்ற ஆறேழு பேர், கண்ணைத் திறக்க முடியாமல், தண்ணீர் இருந்த இடத்தைக் கையால் கொஞ்ச நேரம் துழாவிப் பார்த்துவிட்டு, பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறி, வீட்டு போர் தண்ணீரில் தலையை அலசிக்கொண்டார்கள். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு லேசில் போகாது என்பதுதான் அன்று முழுக்க அவர்களுடைய குறையாக இருந்தது.

பாட்டிலை விற்றவள் எங்கள் பஜாரில் கடை வைத்திருக்கும் ஜெபக்கனி. முன்பு பள்ளிக்கூடப் பையும் குடையும் விற்ற கடைதான். சாரல் காலத்தில் மலையேற வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் கூடக் கூட, குடை இருந்த இடத்தில் மழைச்சட்டையும், பள்ளிக்கூடப் பை இருந்த இடத்தில் முதுகுப்பையும், செருப்பு இருந்த இடத்தில் முள் குத்தாத ஷூவும், நெற்றியில் கட்டிக்கொள்கிற விளக்கும், வண்ண வண்ணமாகத் தண்ணீர் பாட்டில்களும் ஏறிக்கொண்டன. எங்கள் ஊர் கொண்டல்துறைக்கு மேற்கே மலை, மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஆற்றின் தலையூற்று. அங்கிருந்து இறங்கி, எங்கள் ஊரைத் தொட்டு, ஏழு அணைக்கட்டுகளைத் தாண்டி, முப்பத்தோரு கிலோமீட்டர் ஓடி, கடைக்குளம் என்கிற குளத்தில் போய் முடிந்துவிடும் எங்கள் ஆறு. கடலைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

பாட்டிலை வாங்கியவர் பெயர் ரகுநந்தன். முப்பத்து நான்கு வயது. காலை முதல் பஸ்ஸில், அடிப்பாகம் பிளந்து வாய் பிளந்த ஷூவோடு வந்து இறங்கினார். ஐந்து வருஷமாக நடந்துகொண்டே இருப்பவர், ஓர் ஊரில் மூன்று இரவுக்கு மேல் தங்காதவர், உலகத்தில் தனக்கென்று மொத்தம் இருபத்தேழே பொருள் வைத்திருப்பவர். பல் துலக்கும் பிரஷின் காம்பைக் கூட எடை குறையட்டும் என்று பாதியாக வெட்டி வைத்திருந்தார். ஆனால் எதை வாங்கினாலும் நிறுத்துப் பார்க்க வேண்டுமென்று கையகல எடைப்பொறி ஒன்றையும் கூடவே சுமந்தார், அதை நாம் ஒன்றும் கேட்கக்கூடாது.

"ஷூ ஒரு ஜோடி, பாட்டில் ஒண்ணு வேணும்க்கா. எடை கம்மியா இருக்கணும்" என்றார்.

ஜெபக்கனி ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவர் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் சாம்பல் நிற ஷூ ஒன்றும் ஒரு லிட்டர் பிடிக்கிற ஸ்டீல் பாட்டில் ஒன்றும் தேறின.

"பாட்டில் ரெண்டா எடுத்துக்கிடுங்க தம்பி. மலைக்குப் போறவங்க ரெண்டுதான் எடுப்பாங்க."

"ஒண்ணு போதும்."

"புது ஷூவுக்குப் பழைய காலுறை கடிக்கும். ஒரு ஜோடி தரட்டா?"

"இருக்கறது போதும்க்கா."

டப்பா வேண்டாம், பை வேண்டாம். ஷூ நாக்கில் தைத்திருந்த கம்பெனித் துணியைக் கூட அவள் கத்திரியை வாங்கி வெட்டி எடுத்து, அவள் மேஜையிலேயே வைத்தார். எதை நீட்டினாலும் போதும், போதும். அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு எளிதாக வந்தது. சென்னையில் இருந்த வேலைக்கும், பைக்குக்கும், பதினோராவது மாடியில் இருந்த வீட்டுக்கும், கடைசியில் மதுரா என்கிற பெண்ணுக்கும் இதே சொல்லைச் சொல்லிவிட்டு வந்தவர் அவர் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

"பில்லாவது வாங்கிட்டுப் போங்க" என்றாள் ஜெபக்கனி.

"பேப்பர்தானேக்கா. அதுவும் ஒரு பொருள்."

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. "மகராசனா போங்க" என்று பில்லைப் புத்தகத்திலிருந்து கிழித்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டாள்.

அந்தப் பில்லின் பின்பக்கத்தில், எங்கள் பஜாரில் பாத்திரமோ பாட்டிலோ விற்கிற எல்லாக் கடைகளின் பில்லிலும் இருப்பதுபோல, இரண்டு வரி அச்சடித்திருக்கும். முதல் வரி, விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது. இரண்டாவது வரி, ஆற்றில் பாத்திரம் நிறைந்ததும் 'போதும்' என்று வாய்விட்டுச் சொல்லவும், மனதுக்குள் சொன்னால் கேட்காது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. குடம் முக்குகிற பெண்கள் பக்கத்துவீட்டு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் ஒரு 'போதும்' வரும், அது ஆற்றுக்கு. பிறகு மருமகள் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். சொல்லாமல் விட்டால் ஆறு நிறுத்தாது, அதற்கு அளவு தெரியாது, கொடுக்கிற குணம் மட்டும்தான் உண்டு. பல தலைமுறைக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டு அண்டாவுக்குள் இதே போல் ஒரு மாதம் இருந்திருக்கிறது என்பார்கள். அந்தக் கல்யாணத்தில் பந்தியில் என்ன பலகாரம் போட்டார்கள் என்பது வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள், ஆற்றை எப்படி வெளியே எடுத்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

ரகுநந்தன் படித்துறையில் இறங்கி, இரண்டு கல்லுக்கு நடுவே பாட்டிலின் வாயை ஒழுக்குக்கு நேராகச் சரித்து வைத்துவிட்டு, புது ஷூவின் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தார். ஒரு முடிச்சுப் போட்டார், பிடிக்கவில்லை, அவிழ்த்தார், மறுபடி போட்டார். கயிறு கட்டி முடிக்கிற நேரத்துக்குள், சத்தமில்லாமல், அவசரமில்லாமல், மேலே இருந்த தண்ணீர் கீழே வந்தும், கீழே போய்விட்ட தண்ணீர் பாதி வழியில் திரும்பி வந்தும், கெண்டையும் அயிரையும் பாசியும் படித்துறையில் யாரோ தவறவிட்ட மோதிரமும் எல்லாமாக, முப்பத்தோரு கிலோமீட்டர் ஆறு அந்தப் பாட்டிலுக்குள் போய்ச் சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மணல்தான் இருந்தது. அவர் பழக்கத்தில் மூடியைத் திருகி மூடினார்.

பாட்டிலைக் கையில் பிடித்தபடியே கடைக்குத் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஆறு..."

ஜெபக்கனி டிராயரைத் திறந்து பில்லை எடுத்து, பின்பக்கம் மேலே தெரிகிறபடி மேஜையில் வைத்தாள். அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, தன் மேல்தான் வந்தது.

"நான் வாயால சொல்லியிருக்கணும் தம்பி. ஒரு வார்த்தை. எரிச்சல்ல விட்டுட்டேன்" என்றாள்.

"திருப்பி எடுத்துக்கோங்கக்கா, ப்ளீஸ்" என்று பாட்டிலை மேஜையில் வைத்தார்.

முதல் வரியை மறந்து அவள் எடுக்கத்தான் பார்த்தாள். பாட்டில் அசையவில்லை. அணைக்கட்டு மதகுகளைத் திறந்து அடைக்கிற பூல்பாண்டி, இருபத்தாறு வருஷமாக அந்த வேலையைப் பார்ப்பவர், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பஞ்சாயத்துத் தலைவர் வேலுமயில் வந்தார், கபடி டீமை வரவழைத்தார், ஏழு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்தும் பாட்டில் மேஜையோடு இருந்தது. ரகுநந்தன் ஒற்றைக் கையால் எடுத்துத் தன் எடைப்பொறியில் வைத்தார். ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். பாட்டில் முந்நூற்று நாற்பது, தண்ணீர் ஒரு கிலோ. வாங்கினவர் கைக்கு அவ்வளவுதான், மற்றவர்கள் கைக்கு ஆறு. நியாயம்தானே என்று எங்கள் ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வேலுமயில் கூட்டம் போட்டார். "ஆறு எங்கயும் போயிரல. நம்ம ஊர்லதான் இருக்கு. கொஞ்சம் சுருங்கி இருக்கு, அவ்வளவுதான்" என்று பேச்சைத் தொடங்கி, பாட்டில் சாருக்கு ஜெபக்கனி கடை மாடியில் தங்க இடம் கொடுப்பதென்றும், காலை ஆறு மணி முதல் படித்துறையிலேயே அவர் தண்ணீர் ஊற்றுவதென்றும், தெருவுக்கு ஒரு மணி நேரமென்றும், குளிக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும், நடுவில் நுழையக்கூடாதென்றும் முடிவு செய்தார். ரகுநந்தனைப் பார்த்து யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆள் வெளியூர், பில் வாங்காமல் போய்விட்டார், அவ்வளவுதான். அதன்பிறகு பல நாள் எங்கள் பஜாரில் ஒரு தீப்பெட்டி வாங்கினவர்கள் கூட நின்று பில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அவர் படித்துறையில் நின்று பாட்டிலைச் சரித்தார். பாட்டில் வாய் அகலத்துக்குத்தான் தண்ணீர் வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது. ஒரு குடம், ஒன்பது குடம், நானூற்றுப் பன்னிரண்டு குடம். ஒவ்வொருவரும் போதும் என்று சொன்னதும் அவர் பாட்டிலை நிமிர்த்துவார், அடுத்தவர் குடத்தை வைப்பார். துணி துவைக்கிறவர்கள் கல்லைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். மாடுகள் வந்து நாக்கை நீட்டி நின்றன. ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள் மேளத்தோடு வந்து பெண்ணை உட்கார வைத்து, தலையில் மட்டும் கொஞ்சம் அதிகம் ஊற்றும்படி கேட்டுக்கொண்டார்கள். வயதானவர்கள் பாட்டிலைக் காதருகே பிடிக்கச் சொல்லிக் கேட்டார்கள்; உள்ளே மூன்றாவது அணைக்கட்டில் விழுகிற சத்தம் தனியாகத் தெரிகிறது என்றார் ஒருவர். அவ்வப்போது ஒரு கெண்டை வழுக்கிக்கொண்டு வந்து குடத்தில் விழும். அதைத் திரும்ப உள்ளே விடுவதா குழம்பில் விடுவதா என்பதில் மட்டும் கொஞ்சம் வாய்த்தகராறு இருந்தது.

ஆற்றின் அளவை எழுதிக்கொள்ள ஒரு பொறியாளர் ஜீப்பில் வந்தார். டேப்பை எடுத்தார், மணலைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கடமை தவறாத மனிதர். 'நீர் உண்டு, அகலம் இரண்டு அங்குலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சும்மா நின்று ஊற்றுகிற மனிதனைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஊர் சும்மா இருக்காது. வெயிலுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். கொசுவலை வந்தது. சாப்பாடு கொண்டுவந்த வீடுகள் தட்டைத் திரும்ப வாங்கவில்லை. கைலி ஒன்று, தலையணை ஒன்று, கை வலிக்குத் தைலம் ஒரு குப்பி, முருகன் படம் ஒன்று, மாதா படம் ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தேழு பொருள் நாற்பத்து மூன்றாகிவிட்டது. மாடியறையில் அவற்றையெல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்து அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஜெபக்கனி கண்டாள். அவர் முகத்தில் அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"எனக்கு இங்கருந்து போகணும்க்கா. நாலு நாளாச்சு. நான் எங்கயும் நாலு நாள் இருந்ததில்ல."

"போறது பத்தி இல்ல தம்பி. வயலைப் போய்ப் பாத்தியளா?"

அவர் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே பூல்பாண்டி அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஆற்றை நம்பிக் கார் பருவ நெல்லுக்கு நாற்று விட்டு வைத்திருக்கிறார்கள், ஏழு அணைக்கட்டின் கீழும் ஆயிரத்து இருநூறு ஏக்கர். நாற்றங்காலுக்குக் குடத்தில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள், நாற்றின் நுனி மஞ்சளடித்திருந்தது, நட வேண்டிய வயல்கள் வெடித்துக் கிடந்தன.

"வார வியாழனுக்குள்ள வயலுக்குத் தண்ணி ஏறணும் சார். இல்லன்னா நாத்து முத்திரும். அதுக்கப்புறம் மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்" என்றார் பூல்பாண்டி. குரலை உயர்த்தவில்லை. அதுதான் ரகுநந்தனைச் சுட்டது.

அப்போதே ஆற்று மணலில் இறங்கி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வந்தது, காலடியில் ஒரு குட்டையாகத் தேங்கியது, மணலுக்குள் இறங்கியது. எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ரகுநந்தன் ஓடிப்போனார். இதை நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரே அப்புறம் மறைக்காமல் சொன்னார். தன்னுடைய இருபத்தேழை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, மற்றதை மடித்து வைத்துவிட்டு, பாட்டிலை முதல் அணைக்கட்டின் மதகுச் சுவரில் வைத்துவிட்டு அடுத்த ஊரில் போய் பஸ் ஏறிவிடலாம் என்று, தெருவில் யாரும் பார்க்காதபடி ஆற்று மணலிலேயே நடந்தார். அவசரத்தில் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகவில்லை. பையின் பக்கவாட்டில் செருகியிருந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்தது அவருக்குத் தெரியாது.

மதகுச் சுவரில் பூல்பாண்டி உட்கார்ந்திருந்தார். ஆறு இல்லாவிட்டாலும் அவர் தினமும் அங்கேதான் வந்து உட்காருவார், வேறு எங்கே போவார். எழுந்து நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து, ரகுநந்தனுக்குப் பின்னால் பார்த்தார்.

"சார், திரும்பிப் பாருங்க" என்றார்.

படித்துறையிலிருந்து மதகு வரை அரைக் கிலோமீட்டருக்கு, முழங்கால் ஆழத்தில், கலங்காமல், ஆறு அவர் பின்னாலேயே வந்து, அவர் குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அவர் ஓரடி நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது.

"நான் ஓடிப் போகத்தான் பார்த்தேங்க" என்றார் ரகுநந்தன். தலை குனிந்திருந்தது.

பூல்பாண்டி அவரையும் பார்த்தார், ஆற்றையும் பார்த்தார். "போறதுன்னா போங்க சார், யாரு பிடிச்சு வச்சா. ஆனா மேல இருந்து போங்க" என்றார்.

பிறகு விளக்கினார். நடுவில் விட்டால் மேலே ஊற்று காய்ந்தே கிடக்கும், இந்த அரைக் கிலோமீட்டரும் நாலு நாளில் வற்றிப்போகும். தலையூற்றுக்குப் போய், அங்கிருந்து ஊற்றிக்கொண்டே ஆறு போன தடத்தில் இறங்கி, ஏழு அணைக்கட்டையும் ஏழு வாய்க்காலையும் காட்டிக்கொடுத்து, கடைக்குளம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நடப்பதற்கென்றே வந்த மனிதர், ஷூவும் புதுசு. அண்டாவோடு அந்தக் காலத்தில் யாரோ இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று பூல்பாண்டிக்கு அப்போது தோன்றியது.

"இப்ப இதை மறுபடி பாட்டில்ல எடுத்துக்கிடுங்க. வாய்தவறி அந்த வார்த்தையைச் சொல்லிராதிய."

ஞாயிற்றுக்கிழமை காலை ரகுநந்தன் பூல்பாண்டியோடு மலையேறக் கிளம்பினார். ஜெபக்கனி கடையைத் திறந்து இன்னொரு பாட்டிலும், கனமான காலுறை ஒரு ஜோடியும் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஆத்தைக் குடிச்சுக்கிட்டே ஆத்தைக் கூட்டிட்டு வர முடியாதுல்லா. குடிக்கத் தனியா வேணும். காலுறையும் மாத்திக்கிடுங்க, ஈரத்துல நடக்கப் போறிய."

அவர் எடைப்பொறியை எடுக்கவில்லை. இரண்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க ஏறி, தலையூற்றுக்குக் கீழே இருக்கும் வனத்துறை ஓய்வு விடுதியில் தங்கி, திங்கட்கிழமை காலை, காய்ந்து கிடந்த ஊற்றுக்கண்ணில் பாட்டிலைக் கவிழ்த்தார். தண்ணீர் பாறைக்குள் இறங்கியது, கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு பாறைக்குள்ளிருந்து தானாகவே கொப்பளித்து வந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் ரகுநந்தன் நடந்தார், பாட்டிலை இடுப்புக்குப் பின்னால் சரித்துப் பிடித்தபடி. முன்னால் பத்தடியில் பூல்பாண்டி வழிகாட்டிக்கொண்டு போனார். பின்னால் ஆறு வந்தது.

முதல் நாள் மலைச்சரிவில் அது பொறுமையில்லாமல் அவர் குதிகாலை முட்டி முட்டித் தள்ளியது, இரண்டு இடத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் சமதளத்தில் அவர் நடைக்குத் தன் நடையைச் சரிப்படுத்திக்கொண்டது. அணைக்கட்டு வந்ததும் பூல்பாண்டி மதகைத் திறப்பார், ரகுநந்தன் வாய்க்காலுக்குள் நாற்பது அடி நடந்துவிட்டுத் திரும்புவார், அவர் காட்டிய வழியில் தண்ணீரில் ஒரு பங்கு பிரிந்து போகும். வாய்க்காலின் வறண்ட தரையில் ஆட்கள் வரிசையாகக் காலைப் பதித்துக்கொண்டு காத்து நின்றார்கள். பாதத்தில் தண்ணீர் தொட்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலைப் பார்க்கப் போனார்கள். வழியெல்லாம் அவருக்கு இட்லியும் புளியோதரையும் வந்துகொண்டே இருந்தன. காய்ந்த துண்டு கொண்டுவந்து தோளில் போட்டார்கள். அவர் எதற்கும் போதும் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை மூன்று நாளைக்கு வாயிலேயே எடுக்கக்கூடாதே, ஆறு கேட்டுவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பாலத்து நிழலில் அவர் உட்கார்ந்தால், அதுவும் அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எழுந்தால் எழும். ஐந்து வருஷத்தில் தன் பின்னால் ஒருவர் நடந்து வருகிற சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து அதோடு பேச ஆரம்பித்துவிட்டார். மதுரா என்று ஒருத்தி இருந்தாள் என்றும், ஆறு வருஷப் பழக்கமென்றும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சன்னலுக்குத் திரைச்சீலை வாங்கலாமா என்று கேட்டாள், அதற்கு ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன் என்றும், பச்சை நிறத்தில் பூப்போட்ட திரைச்சீலை, இப்போதும் ஞாபகமிருக்கிறது என்றும் சொன்னார். இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், பூல்பாண்டி பத்தடி முன்னால்தானே போய்க்கொண்டிருந்தார், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கடைக்குளம் வந்துவிட்டது. ரகுநந்தன் குளத்துக்குள் இறங்கி நடுவில் போய் நின்றார். பாட்டிலைக் கவிழ்த்து அடியில் தட்டினார். கடைசியாக ஓர் அயிரைமீனும் அந்த மோதிரமும் விழுந்தன, அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மேலே ஏழு வாய்க்காலிலும் ஓடுகிறது என்று பூல்பாண்டிக்கு போனில் செய்தி வந்துவிட்டது. வியாழக்கிழமைக்கு ஒரு நாள் மிச்சம். வேலை முடிந்தது, இனி ரகுநந்தன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஒன்பது நாளாக அவர் கேட்டதும் அதைத்தான்.

அவர் கரையேறினார். கரைக்கு மேலே தார்ரோடு, ரோட்டோரம் பஸ் நிற்கிற இடம், ரோட்டைத் தாண்டிப் பள்ளத்தில் நாற்பது வீடுள்ள ஒரு சிற்றூர். அவர் ஓரடி ஏற, குளத்துத் தண்ணீரும் கரையில் ஓரடி ஏறியது. அவர் நின்றார், நின்றது. இன்னும் இரண்டடி வைத்தார். தண்ணீர் பின்னாலேயே ஏறி, ரோட்டின் ஓரத்தை நனைத்தது.

"சார், நில்லுங்க" என்றார் பூல்பாண்டி. முதல் தடவையாக அவர் குரல் பதறியது. "ரோட்டைத் தாண்டிட்டுன்னா அந்தப் பக்கம் வீடு. கூட்டிட்டு வந்தது நீங்கதான், அதுகிட்ட நீங்கதான் சொல்லணும்."

ரகுநந்தன் திரும்பி வந்து தண்ணீரின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஜெபக்கனி கடையில் முக்கால் மணி நேரத்தில் நாற்பது தடவை சொன்ன சொல், வேலைக்கும் வீட்டுக்கும் மதுராவுக்கும் யோசிக்காமல் சொன்ன சொல், தொண்டைக்குள் ஏறவே மாட்டேன் என்றது. ஏனென்றால் போதவில்லை. மூன்று நாள் அவருக்குப் போதவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அந்த மனிதருக்கு இருந்தது, அதனிடம்தான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் அவர் ஷூவின் நுனியைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது.

நான்கு மணி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஜெபக்கனி இறங்கினாள். அன்று கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிருங்க தம்பி" என்றாள்.

"மனசுக்குள்ள சொல்லிட்டேன்க்கா."

"அது கேக்காதுல்லா."

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்து எஞ்சினை அணைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரகுநந்தன் உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்தார். பிறகு சொன்னார். உரக்கச் சொல்லவில்லை, ஆனால் வாய்விட்டுத்தான் சொன்னார், குரல் நடுவில் உடைந்ததால் அந்த ஒரு சொல் இரண்டு துண்டாக வந்தது.

ஆறு அதைக் கேட்டது. உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அவர் கையிலேயே இருந்தது, பிறகு கரையில் இறங்கி, குளத்துக்குள் போய், மற்றத் தண்ணீரோடு தண்ணீராகிவிட்டது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜெபக்கனியிடம் கையை நீட்டினார்.

"அக்கா, அந்தப் பில்லு."

அவள் அதற்காகத்தான் வந்திருந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சென்னைப் பக்கம் போகிற வண்டிக்கு எங்கே மாற வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டாராம். அந்தப் பெண் இன்னும் அங்கே இருக்கிறாளா, திரைச்சீலை வாங்கிவிட்டாளா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் விரும்பினோம்.

அந்தக் கார் பருவம் நல்லபடியாக விளைந்தது. ஆறு தன் வழியில் ஓடுகிறது, நாங்கள் குடம் முக்கி, போதும் என்று சொல்லி எடுத்துக்கொள்கிறோம். ஜெபக்கனி இப்போதெல்லாம் பில்லையும் கொடுத்து வாயாலும் சொல்லித்தான் அனுப்புகிறாள். ஒன்று மட்டும் உண்டு. குளத்துத் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் முறை, ஆனால் கடைக்குளத்தில் பஸ் நிற்கிற பக்கத்தில் மட்டும் தண்ணீர் ஒரு சாண் ஏறித்தான் நிற்கிறது, நாலு மணி பஸ் வந்து போகும் வரை. பூல்பாண்டி தினமும் அளவுக்கம்பைப் பார்த்து, அந்த ஒரு சாணைக் கழித்துவிட்டு எழுதிக்கொள்கிறார்.